வீடு முதலா, திரைக்கதை முதலா? செட்டிநாட்டு நாவலைப் படமாக்குவது பற்றி

மேலவீதி | 3 பிப்ரவரி 2024, காலை 8.10

410 பக்க நாவல். கதை 1934இல் தொடங்கி 1942இல் முடிகிறது. புருஷன் ரங்கூனில், பெண்டாட்டி கானாடுகாத்தானில், நடுவில் கடிதங்கள். திரைக்கதையில் 118 காட்சி, அதில் 71 ஒரே வீட்டுக்குள். முகப்பு பிடித்துப்போய் ஒரு வீட்டுக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று. வீட்டுக் காட்சிகளை 14 நாளில் முடித்துவிடலாம் என்கிறார் தயாரிப்பு நிர்வாகி. எனக்குள்ள ஒரே சிக்கல் நாயகியின் மனப்பேச்சு. பாதி நாவல் அதுதான். வாய்ஸ் ஓவர் போதுமா? திரைக்கதை கெட்டியாக இருந்தால் எந்தச் செட்டிநாட்டு வீட்டிலும் எடுத்துவிடலாம் என்பது என் கட்சி. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

பட்டாலை | 3 பிப்ரவரி, காலை 9.55

மாற்றுக் கருத்துதான். இந்த மாதிரி நாவலில் வீடுதான் திரைக்கதை. முகப்பை மட்டும் பார்த்துவிட்டு எழுதிய காட்சிகளைப் பாதிக்குப் பாதி படப்பிடிப்பில் மாற்ற வேண்டிவரும்.

முகப்பு, வளவு (நடுவில் வானம் திறந்த முற்றமும் சுற்றிலும் அறைகளும்), இரண்டாங்கட்டு, அடுப்படி, பின்வாசல் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்கும். ஒரு தெருவில் நுழைந்து அடுத்த தெருவில் வெளியேறலாம். முகப்பு ஆண்கள் இடம். கணக்குப்பிள்ளை, வந்துபோகிறவர்கள், கொடுக்கல் வாங்கல் எல்லாம் அங்கே. பெண்கள் புழங்குவது பின்கட்டுகளில். வளவைச் சுற்றியுள்ள அறைகள் ஒவ்வொரு மகனின் குடும்பத்துக்கும் ஒவ்வொன்று. பெட்டி, சாமான், சீர் எல்லாம் அதற்குள். கல்யாணமாகி வேறு வைத்துவிட்டால் கூரை ஒன்று, அடுப்பு தனித்தனி. மாமியார் ஒரு அடுப்பில், மருமகள் ஒரு அடுப்பில். உங்கள் 71 காட்சியில் எத்தனை இடத்தில் குடும்பமே ஒரு அடுப்பைச் சுற்றி நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அத்தனையும் திருத்த வேண்டியவை.

மனப்பேச்சுக்கும் வழி இங்கேதான். எந்தக் கதவு வரைக்கும் அவள் வரலாம், எங்கே நின்றால் முகப்புப் பேச்சு காதில் விழும், யார் வரும்போது உள்ளே போக வேண்டும் என்பதை வீட்டில் நின்று குறித்துக்கொள்ளுங்கள். முகப்பில் தந்தி வாசிக்கப்படுகிறது, அவள் வளவுக் கதவின் நிலைக்கு இந்தப் பக்கம் பித்தளைச் சொம்போடு நிற்கிறாள், குரல் வருகிறது, வார்த்தை முழுசாக வரவில்லை. நாவலில் ஆறு பக்கம் ஓடும் தவிப்பு இதில் வந்துவிடும். 75 அல்லது 100 எம்எம் லென்ஸை அடுப்படிப் பக்கம் வைத்து முகப்பை நோக்கி எடுத்தால் இடையில் உள்ள நான்கு நிலைக்கதவும் ஒன்றுக்குள் ஒன்றாக நெருங்கி நிற்கும். 18 எம்எம்மில் தூண்கள் வளைந்து, கல்யாண வீடியோ போலாகிவிடும்.

சிட்டைக்கணக்கு | 3 பிப்ரவரி, பகல் 1.20

முன்பணம் யாரிடம் கொடுத்தீர்கள்? வீடு எத்தனை புள்ளி, அதாவது பங்குள்ள குடும்பம் எத்தனை?

மேலவீதி | 3 பிப்ரவரி, பகல் 2.05

சாவி வைத்திருப்பவரிடம். அவரும் பங்குதாரர்தான். மொத்தம் ஏழு புள்ளி என்றார்.

சிட்டைக்கணக்கு | 3 பிப்ரவரி, இரவு 9.30

ஏழு புள்ளியிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். ஒருவர் கோலாலம்பூரில் இருந்தாலும் மின்னஞ்சலில் கையெழுத்திட்ட நகல் வர வேண்டும். வளவு, பட்டாலை (கூடம்), முகப்பு எல்லாருக்கும் பொது. ஒரு புள்ளி வேண்டாமென்றால் பொதுவிடத்தில் படப்பிடிப்பு நிற்கும். பூட்டிய அறைகள் தனித்தனிப் புள்ளியுடையவை. அந்தக் கதவுகளுக்கு முன்னால் கேமரா ட்ராலி போடுவதாக இருந்தால் அதையும் எழுதிவிடுங்கள்.

கேட்டுக்கொள்ள வேண்டிய தேதிகள்: அந்த வீட்டில் படைப்பு (முன்னோருக்குப் படைக்கும் சடங்கு) எப்போது, பங்காளிகள் வீட்டுக் கல்யாணம் இருக்கிறதா, பிள்ளையார் நோன்பு சமயமா. படைப்பு நாளில் வீடு அவர்களுடையது. யூனிட் சாமானை அதற்கு முந்தின நாளே வெளியே எடுத்துவிட வேண்டும்.

சாப்பாட்டுப் பந்தலைப் பின்தெருவில் போடுங்கள். அசைவம் வீட்டுக்குள் வரக்கூடாது, செருப்பும் கூடாது. ஒப்பந்தத்தில் எழுதாவிட்டாலும் இது முறை.

அடுத்து உரிமை. ஆசிரியர் எப்போது காலமானார்? பதிப்பாளரிடம் பேசியது போதாது. பெரும்பாலான பழைய ஒப்பந்தங்களில் பதிப்பாளரிடம் இருப்பது நூலாக அச்சிடும் உரிமை மட்டும். திரைப்பட உரிமை தனியாக எழுதிக் கொடுக்கப்படாத வரை வாரிசுகளுடையது.

மேலவீதி | 4 பிப்ரவரி, காலை 7.45

1971இல். இரண்டு மகள்கள். நாட்டுடைமை ஆக்கப்படவில்லை.

சிட்டைக்கணக்கு | 4 பிப்ரவரி, காலை 11.15

அப்படியானால் 1957ஆம் வருட பதிப்புரிமைச் சட்டப்படி 1972 ஜனவரியிலிருந்து 60 ஆண்டு. 2031 டிசம்பர் 31 வரை உரிமை உயிரோடு இருக்கிறது. இரண்டு மகள்களும் கையெழுத்துப் போட வேண்டும். வாரிசுச் சான்று, உயில் இருந்தால் அதன் நகல், இரண்டையும் கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் மூன்று விஷயத்தைத் தவறவிடாதீர்கள். கால அளவு எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த எல்லைக்குள் என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். சிங்கப்பூர், மலேசியா வெளியீடு அங்கேயே மாட்டிக்கொள்ளும். உரிமை வாங்கி ஒரு வருடத்துக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய, அந்த உரிமை காலாவதியாகிவிடும். வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு வருடம் நடிகருக்காகக் காத்திருப்பவர்கள் விழுகிற பள்ளம் இது. பிறமொழி, தொடர், இணையத் தளம் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதுங்கள். முடிவை மாற்றப்போகிறீர்கள் என்றால் அதையும் இப்போதே காட்டிச் சம்மதம் வாங்குவது நல்லது. உரிமையை விற்ற பிறகும் படைப்பு சிதைக்கப்பட்டது என்று கேள்வி கேட்க ஆசிரியருக்கும், அவர் இல்லாதபோது வாரிசுகளுக்கும் சட்டத்தில் தனி இடம் உண்டு.

ஓட்டுக்கூரை | 5 பிப்ரவரி, மாலை 6.40

14 நாளில் 71 காட்சி என்றால் நாளுக்கு ஐந்து. வளவில் மூன்று தாண்டாது. 24 நாள் போடுங்கள். காரணம் வெளிச்சம்.

வளவின் நடுவில் திறந்த வானம், இரண்டடி தள்ளித் தாழ்வாரத்தில் நிழல். இரண்டுக்கும் ஐந்தாறு ஸ்டாப் வித்தியாசம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு). ஏப்ரல் நடுவில் காரைக்குடிப் பக்கம் பகல் 12.15 வாக்கில் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் நிற்கும். அப்போது வளவுத் தரை வெண்மையாக வெடிக்கும், முகங்களில் கண்குழி கறுப்பாகும். டிசம்பரில் உச்சிப்பொழுதில்கூட சூரியன் தெற்கே சாய்ந்து 56 டிகிரி உயரத்தில்தான். வடக்குத் தாழ்வாரத்துக்கு நீளமாக வெயில் வரும், தெற்குப் பக்கம் நாள் முழுக்க நிழல். நாவலில் இருப்பது தை, மாசி என்றால் ஏப்ரலில் எடுத்து அதை ஏமாற்ற முடியாது. நிழல் காட்டிக்கொடுக்கும்.

வழக்கமான வழி, வெயிலை மென்மையாக்க 20க்கு 20 அடி சில்க் துணியை மேலே கட்டுவது. காற்று பட்டால் சில்க் படபடக்கும், லைவ் சவுண்டுக்கு ஆகாது. வெளுக்காத காடாத்துணியை இரட்டையாகத் தைத்துக் கட்டினால் சத்தம் குறையும். கொஞ்சம் மஞ்சள் பூசும். அந்த வீட்டின் தேக்குக்கு அது பொருத்தம்தான், ஆனால் எல்லா ஷாட்டுக்கும் அதே துணி, கேமராவில் அதே வெள்ளைச் சமன் (ஒயிட் பேலன்ஸ்) என்று பிடித்துக்கொள்ள வேண்டும். தேக்கு உத்திரத்தில் கயிறு கட்டாதீர்கள். தரையிலிருந்து சாரக்குழாய் நிறுத்தி, அடியில் ரப்பர் போட்டு அதில் கட்டுங்கள். கூரையில் லைட்மேன் ஏறவே கூடாது. நாட்டு ஓடு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுதான். ஒருவர் நடந்தால் இருபது ஓடு நகரும், அடுத்த மழையில் ஒழுகும்.

இன்னொன்று. திருட்டுக்குப் பயந்து பல வளவுகளின் மேல் இரும்புக் கம்பிவலை போட்டிருக்கிறார்கள். மேலே பார்த்து ஷாட் வைக்காவிட்டாலும் அதன் கட்டம்போட்ட நிழல் காலை 10 மணியிலிருந்து தரையில் விழும். கதைக்காலத்தில் அந்த வீட்டில் வலை கிடையாது என்றால் காடாத்துணிதான் அதை அழிக்கும்.

பட்டாலை | 5 பிப்ரவரி, இரவு 8.15

சுவரைப் பற்றியும் சொல்லுங்கள். யூனிட் ஆட்கள் முதலில் கெடுப்பது அதைத்தான்.

ஓட்டுக்கூரை | 6 பிப்ரவரி, காலை 6.50

ஆமாம். அந்தச் சுவர் சுண்ணாம்பை நைஸாக அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, பல பூச்சாகத் தேய்த்து மெருகேற்றியது. கன்னத்தை வைத்துப் பார்த்தால் சில்லென்றிருக்கும், கை நிழல்கூட அதில் தெரியும். கேஃபர் டேப் (யூனிட்டில் புழங்கும் கெட்டித் துணி டேப்) ஒட்டி இழுத்தால் மெருகு தோலோடு உரிந்து வரும்; இன்றைக்கு அதைச் சரிசெய்யத் தெரிந்த கைகள் குறைவு. காகித டேப்பும் வேண்டாம். விளக்கு தொங்கவிட வேண்டுமென்றால் இரண்டு தூணுக்கு நடுவே ஜாக் வைத்த குழாயை முடுக்குங்கள், முனையில் கம்பளித்துண்டு வைத்து.

மெருகு விளக்கைப் பிரதிபலிக்கும். அதை மங்கவைக்க ஸ்ப்ரே அடிக்கக்கூடாது. விளக்கின் கோணத்தை மாற்றுங்கள், லென்ஸில் போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் ஃபில்டர்) போடுங்கள். புகை இயந்திரத்தில் எண்ணெய்த் திரவம் வேண்டாம், சுவரிலும் பெல்ஜியம் கண்ணாடியிலும் படிந்துவிடும். நீர் கலந்த திரவம் மட்டும்.

தரைக்கு: ட்ராலித் தண்டவாளத்துக்கு அடியில் 12 எம்எம் பிளைவுட், அதற்கும் அடியில் ஜமுக்காளம். ஆத்தங்குடிக் கல் வெறும் சிமெண்டும் மணலும் வண்ணப்பொடியும். கண்ணாடித் தட்டின் மேல் வார்ப்பதால்தான் பளபளப்பு. தேநீர் சிந்தினால் உடனே துடைக்க வேண்டும். ஆசிட் பட்டால் அந்த இடம் வெளுத்தது வெளுத்ததுதான். படப்பிடிப்பு முடிந்து வீட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துக் கொடுங்கள்.

ஒலிவாங்கி | 6 பிப்ரவரி, இரவு 10.05

லைவ் சவுண்டா, டப்பிங்கா? மனப்பேச்சைக் கதவுக்குப் பின்னால் கேட்கும் பாதிக் குரலாக மாற்றுவதென்றால் லைவ்தான் நியாயம். முகப்பில் பேசுவது வளவில் எப்படிக் கேட்கிறது என்பதை ஸ்டூடியோவில் செய்தால் பொய்யாக இருக்கும். முகப்பில் பேசுகிறவருக்கு ஒரு மைக், கதவருகே நிற்கும் நாயகியின் காதுமட்டத்தில் இன்னொரு மைக், இரண்டையும் தனித்தனித் தடத்தில் எடுங்கள். படத்தொகுப்பில் எவ்வளவு கேட்க வேண்டும் என்பதை அப்போது முடிவுசெய்துகொள்ளலாம்.

தொல்லைகள் வரிசையாக: காலை 7 மணிக்குள்ளும் சாயங்காலமும் மயில். அந்தப் பக்கம் மயிலுக்குப் பஞ்சமே இல்லை. அகவினால் டேக் போச்சு. மார்கழி என்றால் விடியற்காலைக் கோயில் ஒலிபெருக்கி. ஓட்டுக்கடியில் புறா. ஜெனரேட்டரைப் பின்தெருவையும் தாண்டித் திருப்பத்தில் நிறுத்துங்கள். வீடு தெருவுக்குத் தெரு நீள்வதால் கேபிள் 100 மீட்டருக்குக் குறையாமல் வேண்டும். வீட்டு மின்கம்பியிலிருந்து ஒரு விளக்குகூட எடுக்காதீர்கள். பழைய வயரிங், மரக்கூரை.

வளவில் எதிரொலி அதிகம். கேமராவுக்குப் பின்னால் நான்கைந்து கனத்த போர்வை தொங்கவிட்டால் பாதி அடங்கும். ஒவ்வொரு கட்டிலும் ஆளில்லாமல் ஒரு நிமிடம் வெறும் ஒலி பதிந்துகொள்ளுங்கள். முகப்பின் அமைதி வேறு, அடுப்படியின் அமைதி வேறு.

உடைப் பிரிவுக்கும் ஒரு வேண்டுகோள். புதுக் கண்டாங்கிச் சேலை கஞ்சியோடு வந்தால், உடையில் குத்தும் லேப்பல் மைக்கில் மொறமொறவென்று கேட்கும். மூன்று தண்ணீராவது அலசித் தாருங்கள்.

கண்டாங்கி | 7 பிப்ரவரி, மதியம் 12.30

அலசுவது சத்தத்துக்கு மட்டுமல்ல, கதைக்கும் வேண்டும். எட்டு வருடக் கதை. ஒவ்வொரு சேலையும் மூன்று நிலையில்: புதுசு, ஒரு வருஷம் உடுத்தியது, வெளுத்தது. 1934இல் பட்டாலையில் உடுத்திய அரக்குச் சேலை 1941இல் அடுப்படியில் கரித்துணியாகக் கிடக்கட்டும். நாவலில் ஒரு வரிகூட இல்லாமல் காலம் புரியும். ஒரே பாவில் நெய்த சேலைகளை மொத்தமாக வாங்கினால்தான் நிறம் ஒத்துவரும். தனித்தனியாக வாங்கினால் அரக்கு ஒன்றுக்கொன்று மாறும். கடையில் ஆயத்தமாக இருப்பது இன்றைய அகலக் கரை. தறிக்காரரிடம் பழைய சேலையைக் காட்டி நெய்யச் சொல்லுங்கள், இரண்டு மாதம் முன்னதாகவே.

கழுத்துரு என்கிற பெரிய தாலி கல்யாணத்துக்கும் அறுபதாம் கல்யாணச் சாந்திக்கும் போடுவது. அடுப்படியில் நிற்கும் பெண் கழுத்தில் அதைப் போட்டுவிடாதீர்கள்; அன்றாடத்துக்குச் சிறுதாலி. திருப்பூட்டும் (தாலி கட்டும்) காட்சிக்குக் கழுத்துரு வாடகைக்கு எடுத்தால் முலாம் பூசியதாக இருக்கட்டும், ஆனால் கனம் வேண்டும். கனமில்லாதது நெஞ்சில் துள்ளும், குளோசப்பில் உடனே தெரியும்.

மேலவீதி | 7 பிப்ரவரி, இரவு 9.00

கடிதங்களைப் பற்றி யாராவது சொல்லுங்கள். மொத்தம் 23 கடிதம், எல்லாம் ரங்கூனிலிருந்து. அச்சடித்து வைத்துக்கொள்ளலாமா?

பட்டாலை | 8 பிப்ரவரி, காலை 7.20

அச்சடித்தால் போச்சு. கையால் எழுத வேண்டும், அதுவும் 1978க்கு முந்தைய எழுத்தில். லை, ளை, னை, ணை நான்குக்கும் மேலே தும்பிக்கை. றா, னா, ணாவுக்குக் கால் தனியாக வராது. கணினியில் இருக்கும் எழுத்துரு அநேகமாகச் சீர்திருத்தத்துக்குப் பிந்தியது. கடைப்பலகை, பத்திரிகை, தந்திப் படிவம் எல்லாவற்றுக்கும் இதே கவனம். கடிதத்தின் தலையில் பிள்ளையார் சுழி, அதன்கீழ் சிவமயம். தொகைகள் தமிழ் எண்ணில், ரூபாய் அணா பைக் கணக்கில். முகவரியில் ராமநாதபுரம் ஜில்லா. சிவகங்கை மாவட்டம் 1985இல்தான் வந்தது. அஞ்சல் குறியீட்டு எண் 1972க்கு முன் கிடையாது.

தபால்தலையையும் மறக்காதீர்கள். பர்மா இந்தியாவிலிருந்து 1937 ஏப்ரல் 1இல் பிரிந்தது. அதற்கு முந்தைய கடிதத்தில் இந்தியத் தலை, பிந்தையதில் ஆறாம் ஜார்ஜ் படம் போட்ட பர்மாத் தலை.

சிட்டைக்கணக்கு | 8 பிப்ரவரி, காலை 10.40

ஒரு திருத்தம். பிரிந்தவுடன் வந்தது ஐந்தாம் ஜார்ஜ் படம் போட்ட இந்தியத் தலைமேல் பர்மா என்று அச்சடித்தது. ஆறாம் ஜார்ஜ் 1938இல்தான். ஆக 23 கடிதமும் மூன்று வகைத் தலையில் வர வேண்டும். 1941 டிசம்பர் 23இல் ரங்கூனில் குண்டு விழுந்தது; மறுவருடம் மார்ச்சில் ஊர் ஜப்பான்காரன் கையில். கடைசிக் கடிதத்தை அதற்குள் முடித்துவிடுங்கள்.

வேறொன்றும் கவனியுங்கள். நாவலில் மூன்று வருடத்துக்கு ஒரு முறை அவன் ஊருக்கு வந்துபோகிறான் அல்லவா? அது ஒரு கணக்கு. போகும்போது அடுத்தாள் (கடையில் உதவியாள்), திரும்பிவரும்போது மேலாள் (பொறுப்பாளர்) என்று நிலை உயரும். ஒவ்வொரு வருகையிலும் முகப்பில் அவன் உட்காரும் இடத்தை மாற்றுங்கள். வசனமே வேண்டாம். படத்தின் மூன்று பகுதிக்கும் இதுவே எல்லைக்கோடு.

நாயகியின் பிறந்த ஊர் ராயவரம் என்று வைத்திருந்தால் அது அப்போது புதுக்கோட்டை சமஸ்தானம். 1948 வரை தனி அரசு. கடைத்தெருவில் அம்மன் காசு புழங்கும். வண்டி எல்லை தாண்டுகிறது என்பதையே ஒரு ஷாட்டாக வைக்கலாம்.

ஓட்டுக்கூரை | 8 பிப்ரவரி, பகல் 3.30

மாட்டுவண்டி என்றால் விலங்கு நல வாரியத்திடம் முன்அனுமதி வாங்க வேண்டும். எத்தனை மாடு, எந்தத் தேதி, என்ன செய்யப்போகிறது, கால்நடை மருத்துவர் சான்று எல்லாம் அதில் வரும். படம் முடிந்தபின் தடையில்லாச் சான்று இல்லாமல் தணிக்கைக்குப் போக முடியாது. பின்னணியில் ஓடும் கோழிக்கும் கணக்கு உண்டு. மயில் தானாக வந்து நின்றாலும் ஃபிரேமில் வைத்துவிட்டு அவதிப்படாதீர்கள்.

கண்டாங்கி | 9 பிப்ரவரி, இரவு 8.45

தலைப்பை விட்டு விலகுவதற்கு மன்னிக்கவும், ஆனால் சொல்லியே ஆக வேண்டும். இந்த மண்ணில் சினிமா புதிதல்ல. ஏவிஎம் முதலில் நிலைகொண்டது காரைக்குடியில்தான். தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு எடுத்த நாம் இருவர் 1947இல் வந்தது. அதுவும் தழுவல், ப. நீலகண்டனின் தியாக உள்ளம் என்ற மேடை நாடகம். போர்க்காலத்தில் சென்னையில் மின்சாரம் கிடைக்காமல் இங்கே வந்தார்கள், 1948 வாக்கில் கோடம்பாக்கம் போனார்கள். இங்கே நின்று இங்கத்துக் கதையைப் படமாக்குவது கடமை என்றே நினைக்கிறேன்.

மேலவீதி | 10 பிப்ரவரி, காலை 8.00

அடுப்படிக் காட்சிகள் 19. விறகடுப்பை அந்த வீட்டிலேயே எரிக்கலாமா? மழைக்காட்சி இரண்டு, இரண்டும் வளவில்.

பட்டாலை | 10 பிப்ரவரி, பகல் 12.10

அடுப்படியைச் செட் போடுங்கள். தேக்கு உத்திரத்துக்கடியில் பன்னிரண்டு மணி நேரம் விறகு எரியவிட எந்தப் புள்ளியும் சம்மதிக்க மாட்டார், சம்மதித்தாலும் செய்யக்கூடாது. உண்மையான அடுப்படியின் வாசற்படி, ஒரு ஜன்னல், ஒரு தூண் மூன்றையும் அளந்து செட்டில் அப்படியே கொண்டுவந்தால் வீட்டு ஷாட்டோடு ஒட்டிக்கொள்ளும். பாத்திரங்களைக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழஞ்சாமான் கடைகளில் வாடகைக்கு எடுங்கள். ஒவ்வொன்றையும் மேல், அடி, கீறல் எல்லாம் தெரிய நாலு கோணத்தில் படம்பிடித்து இருதரப்பும் கையெழுத்திட்டுக் கொள்ளுங்கள். எனாமல் தூக்கில் ஒரு சில்லு தெறித்தால்கூட முதலிலேயே இருந்ததா என்று வழக்கு வரும்.

சமையல் கன்டினியூட்டிக்கு (ஷாட்டுக்கு ஷாட் ஒரே தோற்றம் இருக்க): வெள்ளைப் பணியாரம் எண்ணெயிலிருந்து எடுத்த ஐந்து நிமிடத்தில் தொய்ந்துவிடும். ஒரு டேக்குக்கு ஒரு ஈடு என்று மாவைக் கணக்குப் பண்ணுங்கள். கவுனி அரிசி நல்லது. முதல் நாள் ராத்திரி ஊறவைத்து வேகவைத்துவிட்டால் நாள் முழுக்க நிறம் மாறாது.

ஓட்டுக்கூரை | 10 பிப்ரவரி, மாலை 5.25

மழைக்கு. தலைக்கு மேல் மழைக்குழாய் வைத்தால் தோட்டத்து மழை மாதிரி பரவலாக விழும், வளவு மழை ஆகாது. அங்கே நாலு கூரையின் தண்ணீரும் ஓட்டு விளிம்பில் நூல் நூலாக இறங்கி, நாலு பக்கமும் திரை கட்டும். பிவிசி குழாயில் இரண்டங்குலத்துக்கு ஒரு துளை போட்டு, விளிம்புக்குச் சற்று மேலே, சாரத்தில் தாங்கவைத்துப் படுக்கவையுங்கள். ஓடு நனைந்து அதன்வழியாக வழிய வேண்டும். நடுவில் மட்டும் ஒரு மெல்லிய தூறல் குழாய். இரண்டு காட்சிக்கும் சேர்த்து 12,000 லிட்டர் லாரி குறைந்தது இரண்டு, தண்ணீர் கலங்கலில்லாமல்.

ஆனால் அதற்கு ஒரு வாரம் முன்னால் மடையைச் சோதியுங்கள். வளவுத் தண்ணீர் தரைக்கடியில் போகும் தூம்பு வழியாகத்தான் தெருவுக்குப் போகும். பல வருடம் பூட்டிக்கிடந்த வீட்டில் அது இலையும் மண்ணும் அடைத்துக் கிடக்கும். பத்துக் குடம் ஊற்றிப் பாருங்கள். கால் மணியில் வடிந்தால் சரி. வடியாவிட்டால் டேக் நடுவில் தண்ணீர் தாழ்வாரம் ஏறி, பூட்டிய அறைகளின் நிலைக்கு அடியில் போய்விடும். உள்ளே யார் வீட்டுப் பெட்டி இருக்கிறதென்று நமக்குத் தெரியாது. இரும்புக் கம்பியால் குத்தாதீர்கள், தூம்பின் சுண்ணாம்பு உடையும். மூங்கில் சிம்பில் துணி சுற்றிக் குடைந்து எடுக்கலாம். மழைக்காட்சியன்று மடை வாயில் ஒரு ஆளை நிறுத்தி, ஒவ்வொரு டேக்குக்கும் இடையில் சருகை அள்ளச் சொல்லுங்கள்.